ஒரே வீரர், இரண்டு மல்யுத்தம்: அமெரிக்கக் கல்லூரி மேட்டிலிருந்து ஒலிம்பிக் ஃப்ரீஸ்டைல் வரை

2011 மார்ச்சில் பிலடெல்ஃபியாவில் ஜோர்டன் பரோஸ் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தின் தேசியப் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் இஸ்தான்புல்லில் உலகச் சாம்பியன் ஆனார். இடையில் ஆறே மாதம். கல்லூரியில் ஜெயித்தவர் அடுத்த படி ஏறி உலக அளவிலும் ஜெயித்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்த இரண்டு பட்டங்களும் ஒரே விளையாட்டுக்கானவை அல்ல. கல்லூரியில் ஆடுவது 'ஃபோக்ஸ்டைல்'. உலகப் போட்டியிலும் ஒலிம்பிக்கிலும் ஆடுவது 'ஃப்ரீஸ்டைல்'. மேட் (மல்யுத்த விரிப்பு) ஒன்றுதான், உடை ஏறக்குறைய ஒன்றுதான், பிடிகளில் பாதிக்கு மேல் பொது. எதற்குப் புள்ளி என்பது மட்டும் வேறு. அது வேறானால் மற்ற எல்லாமே வேறாகிவிடும்.

கிரிக்கெட் தெரிந்தவர்கள் டெஸ்ட், டி20 என்று ஒப்பிட நினைப்பார்கள். அந்த ஒப்பீடு போதாது. அங்கே ஓவர் குறைகிறது, ரன் ரன்னாகவே இருக்கிறது. இங்கே ஒரு மேட்டில் மூன்று புள்ளி பெற்றுத் தரும் அசைவு இன்னொரு மேட்டில் எதிராளிக்குப் புள்ளி கொடுத்துவிடும். அமெரிக்க மல்யுத்த வீரர் ஒருவரின் வாழ்க்கைப் பாதையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். பரோஸை உதாரணமாக எடுத்துக்கொண்டால் அந்தப் பாதையின் எல்லாத் திருப்பங்களும் தெரிகின்றன.

கல்லூரி மேட்: அடக்கி வைத்தால் புள்ளி

கல்லூரி ஆட்டம் ஏழு நிமிடம். முதல் சுற்று 3 நிமிடம், அடுத்த இரண்டும் 2 நிமிடம். முதல் சுற்று இருவரும் நின்றபடி தொடங்கும். இரண்டாவது, மூன்றாவது சுற்றுகளில் ஒருவர் கையும் முழங்காலும் ஊன்றிக் கீழே இருக்க, மற்றவர் பின்னாலிருந்து அவரைப் பிடித்தபடி தொடங்கலாம். மேலேயா, கீழேயா, நின்றபடியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை சுற்றுக்கு ஒருவருக்கு.

எதிராளியைக் கீழே கொண்டுவந்து கட்டுப்பாட்டில் எடுத்தால் டேக்டவுன். இதற்கு நெடுங்காலம் 2 புள்ளிதான். 2023-24 பருவத்திலிருந்து 3. கீழே இருப்பவர் பிடியை விடுவித்துக்கொண்டு எழுந்துவிட்டால் எஸ்கேப், 1 புள்ளி. எழுவதோடு நிற்காமல் நிலையைத் தலைகீழாக்கி மேலே வந்துவிட்டால் ரிவர்சல், 2 புள்ளி. எதிராளியின் முதுகை மேட்டை நோக்கித் திருப்பி அப்படியே பிடித்து வைத்தால் நியர் ஃபால். நடுவர் கையை வீசி எண்ணும் எண்ணிக்கையைப் பொறுத்து 2, 3 அல்லது 4 புள்ளி. தோள்கள் இரண்டையும் ஒரு விநாடி முழுக்க மேட்டில் அழுத்தி வைத்தால் ஆட்டம் அதோடு முடிந்தது.

இவற்றோடு ரைடிங் டைம் என்ற ஒன்று உண்டு. ஃபோக்ஸ்டைலின் உயிர் அதில்தான் இருக்கிறது. எதிராளியின் மேல் இருந்து அவரை எழவிடாமல் அடக்கி வைத்திருக்கும் நேரத்தை மேசையில் இருப்பவர்கள் கடிகாரத்தில் கணக்கெடுக்கிறார்கள். ஒருவர் மொத்தம் 2 நிமிடம் 10 விநாடி மேலே இருந்தார், மற்றவர் 50 விநாடி இருந்தார் என்று வையுங்கள். வித்தியாசம் 1 நிமிடம் 20 விநாடி. ஒரு நிமிடத்தைத் தாண்டிவிட்டதால் முதலாமவருக்குக் கூடுதலாக ஒரு புள்ளி. 4-4 என்று நிற்கும் ஆட்டத்தை இந்த ஒரு புள்ளி முடித்துவிடும்.

அதனால் கல்லூரி வீரனுக்கு இரண்டு பழக்கங்கள் எலும்பில் ஊறிவிடுகின்றன. மேலே இருந்தால் நழுவவிடாதே. கீழே மாட்டினால் உடனே கையூன்றி, இடுப்பைத் தூக்கி, எழுந்து வா. கீழே குப்புறப் படுத்துக் கிடந்தால் 'ஸ்டாலிங்' என்று நடுவர் எச்சரிப்பார், தொடர்ந்தால் எதிராளிக்குப் புள்ளி போகும். இந்த இரண்டாவது பழக்கத்தை நினைவில் வையுங்கள். பின்னால் அதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஒரு கல்லூரிப் பருவம் எப்படிப் போகிறது

நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடியும். வாரவாரம் இரு கல்லூரிகள் மோதும் ட்யூவல் மீட். எடைக்கு ஒருவராக பத்து ஆட்டங்கள். சாதாரண வெற்றிக்கு அணிக்கு 3 புள்ளி, 8 முதல் 14 வரை வித்தியாசத்தில் ஜெயித்தால் 4, 15 வித்தியாசம் வந்தால் ஆட்டத்தையே நிறுத்தி 5, தோள்களை அழுத்தி ஜெயித்தால் 6. ஆகவே தோற்பது உறுதி என்று தெரிந்த பிறகும் ஒரு வீரன் கடைசி விநாடிவரை போராடுவான். அவன் 7 புள்ளியில் தோற்கிறானா, 8 புள்ளியில் தோற்கிறானா என்பதில் அணியின் வெற்றி தொங்கலாம்.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ மார்ச்சில் மூன்று நாள் நடத்தும் தேசியப் போட்டிக்குப் பத்து எடைப் பிரிவுகளிலும் தலா 33 பேர், மொத்தம் 330 பேர் தகுதி பெறுகிறார்கள். முதல் எட்டு இடம் பிடிப்பவருக்கு 'ஆல் அமெரிக்கன்' என்ற தகுதி. வாழ்நாள் முழுக்கப் பெயரோடு வரும் பட்டம் அது.

நியூ ஜெர்சியின் கேம்டனில் 1988-ல் பிறந்த பரோஸ், உயர்நிலைப் பள்ளியில் மாநிலச் சாம்பியன். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் 16 வெற்றி, 13 தோல்வி. இந்தக் கணக்கைப் பலரும் கடந்து போய்விடுகிறார்கள். கடக்கக் கூடாது. பள்ளிச் சாம்பியனாக வருபவன் கல்லூரியில் 21, 22 வயது ஆட்களிடம் மாட்டுகிறான். அவர்களின் இடுப்பு பலம் வேறு, பிடியில் கிடக்கும் பொறுமை வேறு. பாதிக்குப் பாதி தோற்பது அங்கே சாதாரணம். இரண்டாம் ஆண்டில் அவர் தேசிய அளவில் மூன்றாம் இடம். 2009-ல் 157 பவுண்டில், அதாவது 71 கிலோவுக்குச் சற்று மேல், 35 ஆட்டத்தில் 35 வெற்றியோடு சாம்பியன்.

அடுத்த பருவத் தொடக்கத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. இங்கேதான் 'ரெட்ஷர்ட்' என்ற ஏற்பாடு வருகிறது. ஒரு மாணவர் நான்கு பருவங்கள் ஆடலாம், அவற்றை ஐந்து ஆண்டுக்குள் முடித்துக்கொள்ளலாம் என்பதுதான் பல ஆண்டுகளாக இருந்துவந்த அடிப்படை விதி. காயம்பட்ட ஆண்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட அனுமதி கிடைத்தால் ஒரு பருவம் மிச்சம். பரோஸ் அந்த ஆண்டை அப்படி ஒதுக்கி, தேறி, 2011-ல் 165 பவுண்டுக்கு ஏறி, 36-0 என்று முடித்தார். கல்லூரி மல்யுத்தத்தில் அந்த ஆண்டின் தலைசிறந்த வீரருக்குத் தரும் ஹாட்ஜ் டிராபியும் அவருக்கே.

165 பவுண்ட் என்பது 74.8 கிலோ. ஒலிம்பிக் எடைப் பிரிவு ஒன்று 74 கிலோ. இந்தப் பொருத்தம் சின்ன விஷயமாகத் தெரியலாம், சின்னதல்ல. கல்லூரியின் பத்து எடைகளுக்கும் ஒலிம்பிக்கின் ஆறு எடைகளுக்கும் (57, 65, 74, 86, 97, 125 கிலோ) நேர்ப் பொருத்தம் பெரும்பாலும் கிடையாது. 174 பவுண்டில், அதாவது 79 கிலோவில், கல்லூரிச் சாம்பியனானவன் ஒலிம்பிக் போக வேண்டுமானால் 5 கிலோ இறங்கி 74-ல் நிற்க வேண்டும், அல்லது 7 கிலோ சதை ஏற்றி 86-ல் நிற்க வேண்டும். முதலாவதில் பலம் போகும். இரண்டாவதில் தன்னைவிட எலும்பு பருத்த ஆட்களிடம் மோத வேண்டும். பரோஸ் ஏறக்குறைய அதே உடலோடு இந்தப் பக்கம் வந்தார்.

எடை பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1997 இறுதியில் சில வாரங்களுக்குள் மூன்று கல்லூரி வீரர்கள் அவசரமாக எடை குறைக்கும்போது இறந்தார்கள். ரப்பர் உடை போட்டு, வெப்ப அறையில் உடற்பயிற்சி செய்து, தண்ணீரே குடிக்காமல் உடலை வற்ற வைத்ததன் விளைவு. அதற்குப் பிறகு விதிகள் இறுகின. பருவத் தொடக்கத்தில் சிறுநீரின் அடர்த்தியைச் சோதித்து உடலில் நீர் போதிய அளவு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அளவு 1.020-ஐத் தாண்டக் கூடாது. பிறகு கொழுப்பை அளந்து, 5 சதவீதத்துக்குக் கீழே போகாமல் அவர் எவ்வளவு இறங்கலாம் என்று கணக்குப் போட்டு, அந்தப் பருவத்துக்கான குறைந்தபட்ச எடையை எழுதிவைக்கிறார்கள். வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது. 75 கிலோ ஆளுக்கு அது ஒரு கிலோவும் சொச்சமும். ரப்பர் உடைக்கும் சானாவுக்கும் தடை. இந்த விளையாட்டில் எந்தப் பிடி விதியையும்விட முக்கியமான விதிகள் இவைதான்.

ஃப்ரீஸ்டைல்: முதுகு தெரிந்தால் புள்ளி

ஃப்ரீஸ்டைலில் மூன்று மூன்று நிமிடமாக இரண்டு சுற்று, நடுவில் 30 விநாடி ஓய்வு. டேக்டவுனுக்கு 2 புள்ளி. எதிராளியின் முதுகு 90 டிகிரியைத் தாண்டி மேட்டின் பக்கம் திரும்பினால் 2 புள்ளி. பிடித்து வைக்கத் தேவையில்லை, எண்ணவும் மாட்டார்கள், ஒரு கணம் திரும்பினாலே போதும். நின்ற நிலையிலிருந்து எதிராளியை நேரே முதுகு விழத் தூக்கிப் போட்டால் 4, கால் உயர எழும்பி வளைவாகப் போய் விழும் பெரிய வீச்சுக்கு 5. எதிராளியின் கால் வட்டத்துக்கு வெளியே போனால் 1. கபடிக் கோட்டைப் போல நினைத்துக்கொள்ளலாம். கீழே இருந்து தப்பி எழுந்தால் புள்ளி எதுவும் கிடையாது. ரைடிங் டைம் கிடையாது. தோள்கள் இரண்டும் மேட்டில் அழுந்தியது தெளிவாகத் தெரிந்துவிட்டால் போதும், ஒரு விநாடி காத்திருக்க மாட்டார்கள், ஆட்டம் முடியும். 10 புள்ளி வித்தியாசம் வந்தாலும் முடியும்.

தயங்கி நிற்பவரை நடுவர் முதலில் எச்சரிப்பார். அடுத்து அவர் மீது 30 விநாடிக் கடிகாரம் ஓடும். அதற்குள் அவர் புள்ளி எடுக்காவிட்டால் எதிராளிக்கு 1.

புள்ளி சமமாக முடிந்தால் கூடுதல் நேரம் இல்லை. பெரிய புள்ளி அசைவு யாருடையது, எச்சரிக்கை யாருக்குக் குறைவு, கடைசிப் புள்ளியை எடுத்தவர் யார் என்ற வரிசையில் பார்த்து ஒருவரை வெற்றியாளராக அறிவிப்பார்கள். 2016 ரியோ ஒலிம்பிக் 74 கிலோ இறுதியில் ஈரானின் ஹசன் யஸ்தானிக்கும் ரஷ்யாவின் அனியுவார் கெதுயேவுக்கும் 6-6. தங்கம் யஸ்தானிக்கு. முதல்முறை பார்ப்பவர்களுக்கு இது அநியாயம் போலிருக்கும். ஆனால் இந்த வரிசை வீரர்களுக்கு விநாடிக்கு விநாடி தெரியும். பலகையில் 3-3 என்று இருக்கும்போதே ஒருவர் முன்னிலையில் இருக்கிறார், மற்றவர் துரத்திக்கொண்டிருக்கிறார்.

கடந்து வரும்போது என்ன தவறுகிறது

கல்லூரிச் சாம்பியன் ஃப்ரீஸ்டைலுக்கு வந்த புதிதில் பெரும்பாலும் ஒரே மாதிரி தோற்பார். நின்ற நிலையில் சமமாக ஆடுவார். எப்போதோ ஒருமுறை கீழே மாட்டுவார். அடுத்த பத்து விநாடியில் ஆட்டமே முடிந்திருக்கும்.

நடந்தது இதுதான். கீழே போனதும் கல்லூரிப் பழக்கம் அவரைக் கையூன்ற வைக்கிறது, இடுப்பைத் தூக்க வைக்கிறது. இடுப்பு மேட்டை விட்டு ஒரு சாண் எழும்பியதும் மேலே இருப்பவர் இரண்டு கைகளையும் அவர் வயிற்றுக்குக் கீழே செலுத்தி, விரல்களைக் கோத்து, விலா எலும்பை இறுக்கி, தன் இடுப்பை அவர் இடுப்புக்குக் கீழே நுழைத்து, பாலம்போல வளைந்து ஒரு புரட்டு புரட்டுகிறார். இதற்கு கட்ரெஞ்ச் என்று பெயர். முதுகு தெரிந்தது, 2. பிடியை விடாமல் இன்னொரு புரட்டு, 2. இன்னொன்று, 2. இன்னொன்று, 2. டேக்டவுனின் 2 சேர்ந்தால் 10. கணுக்கால் இரண்டையும் குறுக்காகப் பின்னிப் பிடித்து இதே போல உருட்டுவது லெக் லேஸ். அதுவும் இதே வேகத்தில் ஆட்டத்தை முடிக்கும்.

கல்லூரி வீரர் ஏன் இதற்குத் தயாராக இல்லை? ஃபோக்ஸ்டைலில் மேலே இருப்பவர் எதிராளி கீழே கிடக்கும்போது அவர் உடலைச் சுற்றிக் கைகோத்தால் அது தவறு, எதிராளிக்குப் புள்ளி. கட்ரெஞ்சின் முதல் அசைவே அங்கே குற்றம். ஆகவே நான்கைந்து ஆண்டுகளாக யாரும் அவரை அப்படிப் பிடித்ததே இல்லை. தடுக்கும் உணர்வு உடம்பில் உருவாகவே இல்லை.

ஃப்ரீஸ்டைலில் சரியான தற்காப்பு அதற்கு நேர் எதிர். வயிறு, இடுப்பு, தொடை மூன்றும் மேட்டில் ஒட்ட, குப்புறப் படுக்க வேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்ட வைக்க வேண்டும், கை நுழைய இடம் கொடுக்கக் கூடாது. அவர் எந்தப் பக்கம் புரட்ட வருகிறாரோ அந்தப் பக்கத்து இடுப்பைக் கனமாக்கி மேட்டில் அழுத்த வேண்டும். சில விநாடிகள் தாக்குப்பிடித்தால் நடுவரே இருவரையும் எழுப்பிவிடுவார். கல்லூரியில் ஸ்டாலிங் என்று தண்டிக்கப்படும் அதே கிடை இங்கே பாடப்புத்தகத் தற்காப்பு. மூளைக்கு இதை ஒரு மணி நேரத்தில் விளக்கிவிடலாம். இடுப்புக்குப் புரிய மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

இரண்டாவது தவறு உருள்வதில். கல்லூரி ஆட்டத்தில் காலைப் பிடிக்கக் கொடுத்துவிட்ட பிறகும் வீரர்கள் மேட்டில் உருண்டு, புரண்டு, எதிராளியின் கால்களுக்கிடையே புகுந்து நிலையை மாற்றிவிடுவார்கள். அந்த நேரத்தில் தன் முதுகு மேட்டில் உரசினாலும், எதிராளியின் கட்டுப்பாட்டில் போய்விடாதவரை பெரும்பாலும் ஆபத்தில்லை. இந்தக் கலையில் கெட்டிக்காரர்கள் அரங்கையே எழுந்து நிற்க வைப்பார்கள். அதே உருளலை ஃப்ரீஸ்டைலில் செய்தால் ஒவ்வொரு முறை தோள் மேட்டின் பக்கம் திரும்பும்போதும் எதிராளிக்கு 2 புள்ளி.

மூன்றாவது, வட்டத்தின் விளிம்பு. கல்லூரியில் விளிம்புக்கு வெளியே போனால் பெரும்பாலும் நடுவுக்கு வந்து மறுபடி தொடங்குவார்கள். ஃப்ரீஸ்டைலில் ஒவ்வொரு விலகலும் ஒரு புள்ளி. 9 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் ஓரத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு வேறு நிறப்பட்டை இருப்பது இதற்காகத்தான்: கால் அந்த நிறத்தைத் தொட்டால் உள்ளே திரும்பு.

இப்படிப் பார்த்தால் கல்லூரியிலிருந்து அப்படியே எடுத்துவரக்கூடிய சொத்து ஒன்றுதான்: நின்ற நிலையிலிருந்து காலைப் பிடித்து வீழ்த்தும் திறமை. மேலிருந்து அடக்கி ஜெயித்தவர்கள் பாதிச் செல்வத்தைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். நின்று ஜெயித்தவர்கள் முழுதாக வருகிறார்கள். பரோஸ் இரண்டாவது வகை. ஆறு மாதத்தில் அவர் உலகச் சாம்பியனானதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

அந்த டபுள் லெக்

எதிராளியின் இரண்டு கால்களையும் ஒரே பாய்ச்சலில் பிடித்து வீழ்த்துவது டபுள் லெக். எந்தப் பள்ளியிலும் முதல் மாதத்தில் கற்றுத்தரும் பிடி. பரோஸின் பெயரைச் சொன்னாலே மல்யுத்தம் தெரிந்தவர்களுக்கு நினைவு வருவதும் அதுதான்.

பாடம் இப்படிப் போகும். முழங்கால் மடித்து, முதுகு நேராக, தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். கைகளால் எதிராளியின் மணிக்கட்டு, கழுத்து, புஜம் என்று தட்டியும் இழுத்தும் அவர் எடையை முன்காலுக்குக் கொண்டுவர வேண்டும். அவர் கை மேலே எழும்பும் அந்த நொடியில் இடுப்பைத் தாழ்த்த வேண்டும். குனியக் கூடாது, நாற்காலியில் உட்காருவதைப் போல உயரத்தைக் குறைக்க வேண்டும். முன்காலை அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவில் ஆழமாக வைக்க வேண்டும். தலை அவர் விலாவின் வெளிப்பக்கம் ஒட்ட, தோள் வயிற்றில் பட, கைகள் இரண்டு முழங்கால்களின் பின்னால் கோக்க வேண்டும். பின்காலை முன்னால் கொண்டுவந்து, தலையால் பக்கவாட்டில் தள்ளி, மூலையில் திரும்புவதைப் போல ஓட வேண்டும்.

புதியவர்களுக்கு இது கெடும் இடங்கள் தெரிந்தவையே. எட்ட நின்று கையை நீட்டினால் எதிராளி கால்களைப் பின்னால் வீசி முழு எடையையும் கழுத்தில் போட்டுவிடுவார். தலை குனிந்தால் அவர் அதையே கிடுக்கிப்பிடியாகப் பிடித்துச் சுற்றிப் பின்னால் வந்துவிடுவார். காலைப் பிடித்த பிறகு நின்றுவிட்டால், ஃப்ரீஸ்டைலில் அவர் மேலிருந்து இடுப்பைக் கட்டித் தூக்கி உங்களையே புரட்டிவிடுவார். உங்கள் தாக்குதல், அவருக்குப் புள்ளி.

பரோஸ் ஆட்டத்தில் பார்க்க வேண்டியது, அவர் முழங்காலை மேட்டில் ஊன்றி நேரத்தை வீணாக்காமல் கால்களில் நின்றபடியே எதிராளியை ஊடுருவிக்கொண்டு ஓடுவது. தோள் மோதும் கணத்திலேயே எதிராளியின் குதிகால் மேட்டை விட்டு எழும்பிவிடுகிறது. குதிகால் எழும்பியவருக்குக் காலைப் பின்னால் வீச ஊன்றுதல் இல்லை. விளிம்புக்கு அருகில் இதைச் செய்தால் டேக்டவுன் கிடைக்காவிட்டாலும் வெளியே தள்ளிய ஒரு புள்ளி கிடைக்கும். கல்லூரியில் இல்லாத அந்தச் சின்ன லாபம் ஃப்ரீஸ்டைலில் அவருக்குப் போனஸ்.

தங்கங்களும் தோல்விகளும்

2012 ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக். அப்போதைய விதி இன்னொரு மாதிரி: இரண்டு நிமிடச் சுற்றுகள் மூன்று, ஒவ்வொன்றும் தனித்தனி, இரண்டு ஜெயித்தால் வெற்றி. 74 கிலோ இறுதியில் பரோஸ் ஈரானின் சாதேக் கூதர்ஸியை 1-0, 1-0 என்று வென்றார். மொத்தமே இரண்டு புள்ளியில் ஒரு ஒலிம்பிக் தங்கம். அந்த விதியில் ஆட்டங்கள் அப்படித்தான் இறுகிப்போய்க் கிடந்தன. சுற்று 0-0 என்று முடிந்தால் நிறப் பந்தைக் குலுக்கி எடுத்து, யாருக்கு எதிராளியின் காலைப் பிடித்துத் தொடங்கும் வாய்ப்பு என்று தீர்மானித்தார்கள்.

2013 பிப்ரவரியில் மல்யுத்தத்தை ஒலிம்பிக்கிலிருந்து நீக்கலாம் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிர்வாகக் குழு பரிந்துரைத்தது. அந்த அதிர்ச்சியில் சில மாதங்களில் விதிகள் மாறி, மேலே சொன்ன இரண்டு சுற்று முறை வந்தது. செப்டம்பரில் மல்யுத்தம் தன் இடத்தைத் திரும்பப் பெற்றது. அதே மாதம் புடாபெஸ்டில் புதிய விதியில் நடந்த உலகப் போட்டியில் பரோஸ் மறுபடி தங்கம் வென்றார். அதற்கு ஏறக்குறைய நான்கு வாரம் முன்புதான் அவருக்குக் கணுக்கால் முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. பழைய விதியில் இரண்டு, புதிய விதியில் ஒன்று. விதி மாறும்போது பல சாம்பியன்கள் காணாமல் போனார்கள். இவர் போகவில்லை.

பெரியவர் அணியில் சர்வதேச ஆட்டங்களைத் தொடங்கியதிலிருந்து தொடர்ந்து 69 வெற்றி. 2014 தொடக்கத்தில்தான் அந்தச் சங்கிலி அறுந்தது. அந்த ஆண்டு உலக வெண்கலம், 2015-ல் லாஸ் வேகாஸில் தங்கம்.

பிறகு ரியோ. காலிறுதியில் கெதுயேவிடம் 3-2 தோல்வி. இங்கே 'ரெபஷாஜ்' என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். யாரிடம் தோற்றோமோ அவர் இறுதிவரை போனால்தான், தோற்றவருக்கு வெண்கலத்துக்காக ஆட மறுவாய்ப்பு. எதிராளி அரையிறுதியில் தோற்றுவிட்டால் இவர் கதையும் முடிந்தது. அதனால் தோற்ற வீரர், தன்னைத் தோற்கடித்தவரே ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கெதுயேவ் இறுதிக்குப் போனார், பரோஸுக்கு மறுவாய்ப்பு கிடைத்தது. அதில் உஸ்பெகிஸ்தானின் பெக்ஸோத் அப்துரக்மோனோவிடம் 11-1 என்று தோற்றார். 10 புள்ளி வித்தியாசம், நேரம் முடியும் முன்பே நிறுத்தம். உலகின் சிறந்த தாக்குதல்காரர்களில் ஒருவருக்கே இப்படி நடக்கிறது. ஃப்ரீஸ்டைலில் ஒரு கணம் நிலை தவறினால் புள்ளிகள் ஒன்றொன்றாகப் போவதில்லை, கொத்தாகப் போகும்.

அடுத்த ஆண்டே, 2017-ல் பாரிஸில், ரஷ்யாவின் கெதாக் சபோலோவை 9-6 என்று வென்று நான்காவது உலகத் தங்கம். 2018, 2019 இரண்டிலும் வெண்கலம்.

அணியில் இடம் பிடிப்பதே பாதி ஒலிம்பிக்

அமெரிக்காவில் ஒலிம்பிக் வீரரைக் குழு கூடித் தேர்வு செய்வதில்லை. மேட்டில்தான் முடிவு. ட்ரையல்ஸ் என்ற தேர்வுப் போட்டியில் எடைக்கு ஒருவர். இறுதி மூன்று ஆட்டத்தில் இரண்டு. முந்தைய பதக்கங்கள் உங்களுக்கு நேரடியாக இறுதியில் இடம் தரலாம், அணியில் இடம் தராது. எவ்வளவு பெரிய பெயரானாலும் அந்த ஒரு நாளில் தோற்றால் வீட்டில்தான். கடுமைதான், ஆனாலும் இதைவிட நேர்மையான முறை எனக்குத் தெரியவில்லை.

2021 ஏப்ரலில் ஃபோர்ட் வொர்த்தில் அது பரோஸுக்கு நடந்தது. கைல் டேக் இரண்டு ஆட்டங்களிலும் அவரை வென்றார். டேக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளில் நான்கு வெவ்வேறு எடைகளில் (141, 149, 157, 165 பவுண்ட்) நான்கு தேசியப் பட்டம் வென்றவர். டேக் முன்பு 79 கிலோவில் 2018, 2019 உலகச் சாம்பியன். உலகப் போட்டியில் பத்து எடைகள் உண்டு. 61, 70, 79, 92 நான்கும் ஒலிம்பிக்கில் இல்லை. ஒலிம்பிக் ஆண்டு வந்ததும் 79-ல் இருப்பவர் 74-க்கு இறங்குவார் அல்லது 86-க்கு ஏறுவார். அந்த இரண்டு எடைகளிலும் அப்போது நெரிசல் கூடிவிடும்.

ஒலிம்பிக் வாய்ப்பை இழந்த பரோஸ் 74-ஐ விட்டு 79-க்கு ஏறினார். 2021-ல் ஓஸ்லோவில் ஈரானின் முகமது நொகோதியையும் 2022-ல் பெல்கிரேடில் ஈரானின் அலி சவாத்கூஹியையும் இறுதியில் வென்று இரண்டு தங்கம். ஆறு உலகப் பட்டம், ஒரு ஒலிம்பிக் தங்கம், மொத்தம் ஏழு. அதுவரை அமெரிக்கர்களில் ஜான் ஸ்மித்தின் ஆறுதான் உச்சம். பெல்கிரேடில் பரோஸுக்கு வயது 34.

அந்த வயதில் ஆடுவதற்கு எடை முறையும் ஒரு சோதனை. 2018-லிருந்து ஒரு எடைப் பிரிவு இரண்டு நாள் நடக்கிறது, இரண்டு நாளும் காலையில் எடை பார்க்கிறார்கள். முன்பு போல முந்தைய நாள் மாலை எடை காட்டிவிட்டு இரவெல்லாம் சாப்பிட்டுத் தேற முடியாது. முதல் நாள் ஆடி முடித்து, தண்ணீர் குடித்து, மறுநாள் காலை மறுபடி அதே அளவுக்குள் நிற்க வேண்டும். 2024 பாரிஸில் இந்தியாவின் வினேஷ் போகத் 50 கிலோ இறுதிக்கு முன் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி இழந்தது இந்த இரண்டாம் நாள் காலையில்தான்.

எல்லோரும் ஒரே வழியில் வருவதில்லை

கேல் சாண்டர்சன் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1999 முதல் 2002 வரை 159 ஆட்டம் ஆடி ஒன்றிலும் தோற்கவில்லை. அவருக்கே ஒலிம்பிக் தங்கம் கிடைக்க 2004 வரை ஆனது. கைல் ஸ்னைடர் காத்திருக்கவே இல்லை. ஒஹாயோ ஸ்டேட்டில் படிக்கும்போதே 2015-ல் 19 வயதில் உலகச் சாம்பியன், 2016-ல் ஒலிம்பிக் சாம்பியன். கோடையில் 97 கிலோவில் ஃப்ரீஸ்டைல், குளிர்காலத்தில் 285 பவுண்ட் வரை போகும் கல்லூரிப் பெரும் எடையில் ஃபோக்ஸ்டைல். தன்னைவிட 20, 30 கிலோ கூடியவர்களோடு மோதி மூன்று கல்லூரிப் பட்டம். இரண்டு மொழிகளையும் ஒரே நேரத்தில் பேசியவர் அவர்.

பெண்களுக்கு இந்தத் தடையே இல்லை. அமெரிக்கப் பெண்கள் கல்லூரி மல்யுத்தம் ஃப்ரீஸ்டைல் விதியிலேயே நடக்கிறது. கல்லூரி முடித்து வரும் பெண் எதையும் மறக்க வேண்டியதில்லை. ஆண்கள் பிரிவிலும் அப்படி மாற்றலாமே என்ற வாதம் நெடுநாளாக உண்டு. ஆனால் எழ முயல்பவருக்கும் அடக்குபவருக்கும் நடக்கும் அந்தப் போராட்டம் ஃபோக்ஸ்டைலில் மட்டுமே இருக்கிறது. அதை இழப்பது பெரிய இழப்பாக இருக்கும்.

முதல்முறை பார்க்கப்போகிறீர்கள் என்றால் பரோஸின் 2011 கல்லூரி இறுதியையும் 2017 பாரிஸ் இறுதியையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கைகளைப் பார்க்காதீர்கள், கண் கைகளில் சிக்கிக்கொள்ளும். இருவரின் இடுப்பு உயரத்தைப் பாருங்கள். யாருடையது முதலில் தாழ்கிறதோ அவர் பாயப் போகிறார். ஒருவர் கீழே போனதும் அவர் இடுப்பு எழும்புகிறதா, மேட்டில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். அரை நிமிடத்தில், பலகையைப் பார்க்காமலே, எந்த விதியில் ஆடுகிறார்கள் என்று சொல்லிவிடுவீர்கள்.